டைப்ரைட்டிங் போய் பிசினஸ் அனலிஸ்ட் வந்தது

ஒரு காலத்தில் கல்கத்தாவுக்கு ரயிலேறிய தமிழ் இளைஞனின் பெட்டியில் இரண்டு சர்டிபிகேட்டுகள் இருக்கும். ஒன்று டைப்ரைட்டிங், மற்றொன்று ஷார்ட்ஹாண்டு. டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகளில் பேட்டி என்றால் மேலதிகாரி ஒரு கடிதம் சொல்வார். பிழையில்லாமல் அடித்து நீட்டினால் ஆயிற்று.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரிலும் நியூ டவுனிலும் உள்ள கம்பெனிகளுக்கு மனுப் போடுகிறார்கள். அதில் அடிக்கடி தென்படும் பதவி ‘பிசினஸ் அனலிஸ்ட்’. வியாபாரமா, கணக்கா, கம்ப்யூட்டரா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகளும் தெளிவாகச் சொல்வதில்லை. பல பேருக்கு அது அவர்களுக்கே தெளிவாகவில்லை என்பதுதான் விஷயம்.

வேலை ஒன்றும் மாயமல்ல. ஓர் அலுவலகத்தில் காரியம் எப்படி நடக்கிறது என்பதை அதைச் செய்கிறவரிடம் கேட்டறிந்து, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பவரே பிசினஸ் அனலிஸ்ட். இரு தரப்புக்கும் நடுவில் நிற்கும் ஆள்.

இதற்குத் தயாராகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கேள்வி-பதில் தொகுப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷ் கலைச்சொற்களை நெட்டுருப் போடுகிறார்கள். எதிரே இருப்பவர் “ஒரு உதாரணம் சொல்லுங்கள்” என்றதும் வாய் அடைத்துவிடுகிறது. உதாரணமோ வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறது!

ரயில்வே ரிசர்வேஷனையே எடுத்துக்கொள்வோம். பெரிய லெட்ஜர்களில் பெயர் எழுதி பெர்த் கொடுத்த முறைக்கு மாற்றாக, 1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவுக்கும் வந்தது. புரோகிராம் எழுதுமுன் யாரோ ஒருவர் எழுத்தர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்: பெண்கள் கோட்டா எத்தனை, அவசர கோட்டா யார் கையில், ஆர்.ஏ.சி. எப்போது பெர்த்தாகிறது, நடுவழி ஸ்டேஷனுக்கு ஒதுக்கிய இடம் மிஞ்சினால் யாருக்கு? பதவிப் பெயர் வேறாக இருந்திருக்கலாம். செய்தது இதே வேலை.

பேட்டிக்கு உதவும் ஒரு கணக்கு இதோ. ஷாலிமாரிலிருந்து சென்னை செல்லும் கோரமண்டலில் ஆறு பேர் குடும்பத்துக்கு ஒரே டிக்கெட். சார்ட் போட்ட பிறகும் ஆறு பேரும் வெயிட்டிங் லிஸ்ட். இன்டர்நெட்டில் எடுத்த டிக்கெட்டானால் தானாகவே ரத்தாகும்; பணம் கட்டியவர் கணக்குக்குத் திரும்பும். கவுண்டரில் எடுத்ததானால் தானாக ரத்தாகாது. உரிய நேரத்துக்குள் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் பணம். ஏன் இந்த வேற்றுமை? ரொக்கம் கொடுத்தவரின் கணக்கு ரயில்வேக்குத் தெரியாது; அவர் கையிலுள்ள காகிதம்தான் சாட்சி. சரி, ஆறு பேரில் இருவருக்கு மட்டும் பெர்த் கிடைத்தால்? இன்டர்நெட் டிக்கெட்டும் அப்போது ரத்தாகாது; மற்ற நால்வர் பெயரும் சார்ட்டில் வரும். இப்படி ‘ஆனால்’, ‘இல்லாவிட்டால்’ என்று கடைசிவரை துருவும் புத்தியைத்தான் பேட்டியில் எடைபோடுகிறார்கள். கவுண்டரில் உட்கார்ந்தவருக்கு இது தூக்கத்திலும் தெரியும். மகளுக்குத் தெரியாது, அவள் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. பெரியவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று நம் வீடுகளில் வளர்க்கிறோம். பேட்டியில் இது கெடுதலாக முடிகிறது. “ஒரு ஆஸ்பத்திரிக்கு டோக்கன் முறை அமைக்க வேண்டும்” என்று சொன்னதும் படபடவென்று தீர்வு சொல்லத் தொடங்குகிறவர் தேறுவது கடினம். தினம் எத்தனை நோயாளிகள், டாக்டர் தாமதமானால் என்ன செய்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர் வந்தால் என்ன வழி என்று திருப்பிக் கேட்கிறவருக்கே மதிப்பு. அங்கே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல, உத்தியோகமே அதுதான்.

விளம்பரத்தையும் ஊன்றிப் படிக்க வேண்டும். சில கம்பெனிகள் இதே பெயரில் புள்ளிவிவரம் அலசும் ஆளைத் தேடுகின்றன. அங்கே எக்செல், எஸ்.க்யூ.எல். கைவசம் இல்லாமல் போவது வீண்.

சர்டிபிகேட் விஷயத்தில் ஏமாற வேண்டாம். இத்தொழிலுக்கென 2003-ல் கனடாவில் தோன்றிய சர்வதேசக் கழகம் ஒன்று தேர்வுகள் நடத்துகிறது. அதன் பெரிய சர்டிபிகேட்டான சி.பி.ஏ.பி.க்கு 7,500 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். கல்லூரியை விட்டு நேற்று வெளிவந்த பிள்ளைக்கு அதை வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடலாம். தொடக்கக்காரர்களுக்கு ஈ.சி.பி.ஏ. என்று வேறு தேர்வு இருக்கிறது.

1960-களில் இதே நகரில் எல்.ஐ.சி. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வருவதை ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வேலை போகும் என்ற அச்சம். அச்சம் பொய்யென்று சொல்வதற்கில்லை. டைப்பிஸ்ட் நாற்காலிகள் எங்கே போயின என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் முப்பது வருஷம் இருந்தவருடைய அறிவுக்கு ஐந்தாம் செக்டாரில் இன்று விலை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் அவருடைய பிள்ளைகளே.

லேக் மார்க்கெட் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழோடு பெங்காலி, இந்தி, இங்கிலீஷ் நான்கும் நாக்கில் நிற்கிறது. குடோன் காவலாளியிடமும் மானேஜரிடமும் அவரவர் பாஷையில் விசாரிக்கக்கூடியவர் இந்த வேலைக்கு எவ்வளவு தேவை! மனுவில் அதைக் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். “அப்பா, ஒரு கிளெய்ம் வந்தால் உங்க ஆபீஸில் முதலிலிருந்து என்ன நடக்கும், சொல்லுங்க” என்று கேட்டு, ஒரே பக்கத்தில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டட்டும். “அப்படியில்லைம்மா, அதுக்கு முந்தி ஒரு கையெழுத்து இருக்கு” என்று அவர் நிறுத்துவார். அடித்துவிட்டு மறுபடி எழுதட்டும். மூன்றாம் முறை அவர் தலையாட்டினால், அந்தத் தாளைப் பைலில் வைத்துக்கொண்டு பேட்டிக்குக் கிளம்பலாம்.