பள்ளியும் கடைத்தெருவும்

வீடு தேடி வருபவர்கள் முன்பெல்லாம் தண்ணீர் உண்டா, வாடகை எவ்வளவு, பஸ் நிற்குமா என்று கேட்பார்கள். இப்போது பிள்ளைகுட்டிக்காரர்கள் முதலில் கேட்பது, "பக்கத்தில் ஆரம்பப் பள்ளி எப்படி?" என்பதுதான். இரண்டு மூன்று பேட்டைகளின் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறார்கள். அந்த விசாரணை பெரும்பாலும் நம் கடை வாசலில்தான் நடக்கிறது. எனவே பள்ளி விவகாரம் நமக்கெதற்கு என்று நாம் ஒதுங்கி இருக்கலாகாது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் கணக்கு எளிது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுதான் மாதச் சாமான் அதிகம் வாங்கும் வீடு. அந்தக் குடும்பம் நல்ல பள்ளியைத் தேடி வேறு பேட்டைக்குப் போனால், நம் பற்று நோட்டில் ஒரு பக்கம் மூடப்படுகிறது. சில்லறைக் கடையில் மூடப்படும் பக்கம் மொத்தக் கடையிலும் வந்து விழும்.

அரசுப் பள்ளி எப்படித் தேய்கிறது என்பதையும் அறிய வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளி என்றால் பெற்றோர் தயங்குகிறார்கள். அவர்கள் போனால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. கூட்டமில்லாத கடைக்குள் யாரும் நுழையாத கதைதான்.

ஆனால் கட்டடத்தின் வர்ணத்தைப் பார்த்துத் தரம் சொல்வது, டப்பாவைப் பார்த்துச் சரக்கை மதிப்பதற்கு ஒப்பாகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் வாசிக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். 15.9.2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே மாநிலமெங்கும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிவாயிற்று. கடை திறக்க விடியலிலேயே கிளம்பும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது சிறிய உதவியல்ல. கேட்பவர்களிடம் இதையெல்லாம் நாம் எடுத்துச் சொல்லலாமே!

பள்ளி நடத்துவது வியாபாரிகளுக்குப் புதிதுமல்ல. விருதுநகரில் வணிகர்கள் மகமையும் வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் திரட்டி வளர்த்த சத்திரிய வித்தியாசாலையில் படித்தவர்தான் பெருந்தலைவர் காமராசர். அவரே முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்தார், மதிய உணவும் போட்டார். அன்று மகமை எடுத்து வைத்தவர்கள் அதை நஷ்டம் என்று எழுதவில்லை.

நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் பேட்டைப் பள்ளிக்கு ஆண்டுக்கொரு முறையாவது சென்று தேவையைக் கேட்டுச் செய்ய வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் இடம் காலி என்றால் பெற்றோருடன் சேர்ந்து சங்கத்தின் பெயரால் மனுக் கொடுக்க வேண்டும். மூன்றாவது சிலருக்குக் கசக்கும். கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக்கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளியைப் பார்க்க வரும் தாய் கண்ணில் முதலில் படுவது எதிரே தொங்கும் சரம்தான். அந்தச் சில்லறை லாபத்துக்காகக் குடும்பங்களையே இழப்பது எந்த வியாபாரக் கணக்கில் சேரும்?

ஜூனில் பள்ளி திறக்குமுன், சித்திரை, வைகாசியிலேயே வீடு மாறுகிறார்கள். அதற்கு முன்பே இவற்றைத் தொடங்குவோம்.