யூபாரி திவாலாகும்வரை காத்திருந்தது

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இருக்கும் யூபாரி, நிலக்கரியால் எழுந்த ஊர். 1960இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். சுரங்கங்கள் மூடப்பட்டு மக்கள் வெளியேறியபோது, சுற்றுலா கைகொடுக்கும் என்று நம்பிய நகராட்சி கடன்மேல் கடன் வாங்கியது, 2007இல் திவாலானது. 171 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 19 படுக்கைகளாகச் சுருங்கியது. வரியும் கட்டணங்களும் ஏறின. போக வழியில்லாமல் தங்கிவிட்ட முதியவர்கள்தான் அந்தக் கடனைச் சுமந்தார்கள்.

யூபாரிக்கு நேர்ந்தது நாடு முழுவதற்கும் நேரக் கூடாது. 2008இல் 12.8 கோடியாக இருந்த ஜப்பானின் மக்கள்தொகை அதன்பின் குறைந்துகொண்டே வருகிறது. பத்தில் மூவர் 65 வயதை எட்டியவர்கள். 2024இல் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. பிறப்பைக் கூட்ட 1994 முதலே திட்டங்கள் தீட்டப்படுகின்றன. குழந்தை வளர்ப்போருக்கு உதவி அவசியம்தான். ஆனால் இன்று பிறக்கும் குழந்தை வேலைக்குப் போக 20 ஆண்டுகளாகும். அதுவரை முதியவர்களின் நாட்கள் எப்படிக் கழியும் என்பதற்கு இப்போதே பதில் வேண்டும்.

டொயாமா நகரம் அந்தப் பதிலை முன்கூட்டியே தேடியது. தேய்ந்துபோன ரயில் பாதையை 2006இல் டிராம் பாதையாக்கியது. போக்குவரத்துத் தடங்களை ஒட்டிக் குடியேற மானியம் தந்தது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 65 வயதை எட்டியவர்கள் ஒரு பயணத்துக்கு 100 யென் மட்டும் கொடுத்து நகரின் மையத்துக்கு வர வழி செய்தது.

ஜப்பானின் மத்திய அரசோ எதிர்த்திசையில் நடக்கிறது. 40 வயதை எட்டிய அனைவரும் பங்களிக்கும் முதியோர் பராமரிப்புக் காப்பீடு 2000இல் வந்த அருமையான ஏற்பாடு. அதில், வீடு தேடிச் சென்று முதியவரைக் குளிப்பாட்டி, சோறூட்டும் சேவைக்காக அதை வழங்குவோருக்குக் கிடைக்கும் அடிப்படைக் கட்டணத்தை 2024 ஏப்ரலில் அரசு குறைத்தது. இத்துறை நல்ல லாபம் பார்க்கிறது என்பது அரசு சொன்ன காரணம். ஒரே கட்டடத்தில் பல முதியவர்களைக் கவனிக்கும் நிறுவனங்களையும், பனி மூடிய சாலையில் வீட்டுக்கு வீடு வண்டியோட்டும் பணியாளரையும் ஒரே சராசரிக்குள் அடைத்த கணக்கு அது. குறைத்த கட்டணத்தை அரசு திரும்பத் தர வேண்டும். பயண நேரத்துக்கும் சேர்த்துக் கூலி தர வேண்டும்.

முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளுக்கு வரும் வெளிநாட்டுப் பணியாளர்களுக்காக 2019இல் புதிய விசாவும் வந்தது. அதன் முதல் நிலையில் வருவோர் மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ அழைத்துவர முடியாது. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகளை மூடிக்கொண்டிருக்கும் நாடு, தன் முதியவர்களைத் தாங்கவரும் பெண்ணிடம் குழந்தையை ஊரிலேயே விட்டுவரச் சொல்கிறது. முதலில் அந்த விதி மாற வேண்டும்.