முடியாத வேலையின் படத்தையும் அனுப்புங்கள்



வரும் டிசம்பர் 2ஆம் நாளை இந்நாட்டின் மாதிரிப் புகையிரத ஆர்வலர்கள் தங்களுக்குரிய நாளாகக் கொண்டாடுகின்றார்கள். திருவருகைக் காலம் பிறந்ததும் குடில் பெட்டியோடு புகையிரதப் பெட்டியையும் பரணிலிருந்து இறக்குவது ஜேர்மன் வீடுகள் பலவற்றின் பழைய வழக்கம். "ஃபாதர், இதைப்பற்றி எங்களுக்கு எழுத என்ன இருக்கின்றது?" என்று நீங்கள் கேட்கலாம். நாம் ஒருவருக்கொருவர் படங்களை எவ்வாறு அனுப்புகின்றோம், வந்த படங்களை எவ்வாறு பார்க்கின்றோம் என்பதில், இந்தச் சிறு வண்டிக்காரர்களிடம் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டென நான் நம்புகின்றேன். அதற்காகவே இதை எழுதுகின்றேன்.

கடந்த ஆண்டு ஒரு வீட்டை ஆசீர்வதிக்கச் சென்றிருந்தேன். எல்லா அறைகளிலும் தீர்த்தம் தெளித்து முடிந்தது. கெல்லரின் கதவை மட்டும் குடும்பத்தலைவர் திறக்கத் தயங்கினார். "அதற்குள் ஒன்றுமில்லை ஃபாதர், என்னுடைய விளையாட்டுச் சாமான்கள்தான்" என்றார். நான் விடவில்லை. அவருடைய இசைவோடு, பெயரைத் தவிர்த்து, அங்கே கண்டதைச் சொல்லுகின்றேன்.

இரண்டு மீற்றர் நீளப் பலகை ஒன்றின்மேல் கொடிகாமம் புகையிரத நிலையம் இருந்தது. ஜேர்மனியர் 'ஹா-நுல்' என்று அழைக்கும் அளவு அது. உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு மனிதன் இரண்டு சென்ரிமீற்றர் உயரமே இருப்பான். ஓட்டுக் கூரையின் பாதி வேயப்பட்டிருந்தது. மறுபாதியில் வெறும் மட்டைச் சட்டம். பலகையின் அடியில் மின்கம்பிகள் சிக்கலாகத் தொங்கின. இந்நாட்டுக் கடைகளில் ஊசியிலை மரங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கலாம். பனை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே செப்புக் கம்பியை முறுக்கித் தண்டாக்கி, பச்சைக் காகிதத்தை விசிறியாக மடித்து வெட்டி, ஒவ்வொரு பனையையும் தம் கையாலேயே செய்திருந்தார். 1984இல் அந்த மேடையிலிருந்து ஏறிய வண்டிதான் அவரைக் கொழும்புக்கும், பின்னர் கிழக்குப் பேர்லின் வழியாக இந்த நாட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

"இதை எவருக்காவது காட்டினீர்களா?" என்று கேட்டேன். உறவினர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒருமுறை படம் போட்டாராம். பன்னிரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்களாம். ஒருவர், "இந்த வயதில் பிள்ளை விளையாட்டோ?" என்று எழுதினாராம். இன்னொருவர், "எவ்வளவு முடிந்தது?" என்று செலவைக் கேட்டாராம். அன்றோடு அங்கே படம் போடுவதை அவர் நிறுத்திவிட்டார்.

பின்பு, தயங்கித் தயங்கி, அதே படங்களைத் தம் ஊரிலுள்ள மாதிரிப் புகையிரதச் சங்கத்து முதியவர்களிடம் காட்டியிருக்கின்றார். அவர்கள் கட்டைவிரலை உயர்த்தவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். "சல்லிக்கல் பருமனாக இருக்கின்றது" என்றார் ஒருவர். "மேடை இரண்டு மில்லிமீற்றர் உயர்ந்துவிட்டது" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் கேட்ட கேள்விதான் பெரியது: "உங்கள் நாட்டில் தண்டவாளத்தின் அகலம் என்ன?" இலங்கையின் பாதை 1676 மில்லிமீற்றர் அகலமுடையது, ஜேர்மனியின் பாதை 1435. கடையில் வாங்கும் 16.5 மில்லிமீற்றர்ப் பாதை ஜேர்மன் அளவைச் சுருக்கியது. நம் பாதையை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீற்றருக்கும் சற்று மேலே வரும். ஆக, இவருடைய கொடிகாமத்தினூடாகச் சென்ற பாதை ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் ஒடுங்கிய, ஊருக்கு உரிமையில்லாத பாதை.

பிழை சொன்னவர்கள் அதோடு நிற்கவில்லை. "இந்த மரத்தின் ஓலை ஏன் விசிறிபோல் இருக்கின்றது?" என்று கேட்டார்கள். பனையைச் சொன்னார். பனையைச் சொல்ல ஊரைச் சொன்னார். ஊரைச் சொல்ல யாழ்தேவியைச் சொன்னார்: 1956இல் தொடங்கிய வண்டி, 1990 ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வராமற் போனதையும், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையானதையும், 2014 ஒக்டோபர் 13ஆம் நாள் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்ததையும் சொன்னார். "நாற்பது ஆண்டுகளில், என் ஊரைப்பற்றி என்னை இவ்வளவு நேரம் பேச வைத்தவர்கள் அவர்கள்தான் ஃபாதர்" என்றார்.

அன்புக்குரியோரே, இந்தச் சொல் எனக்கு உறுத்தலாக இருந்தது. நம்மவர் கொடுத்த பன்னிரண்டு கட்டைவிரல்களைவிட, அந்நியர் சுட்டிய மூன்று பிழைகள் அவருக்குப் பெரிய மரியாதையாக அமைந்தது ஏன்? பிழையைக் காண வேண்டுமென்றால் முதலில் உற்றுப் பார்க்க வேண்டும். அவருடைய வேலையை அவர்கள் உற்றுப் பார்த்தார்கள். நாம் பார்த்ததாகக் குறித்துவிட்டுக் கடந்தோம்.

இந்தப் பழக்கம் அவர்களுக்கு ஒரே நாளில் வந்ததன்று. கோப்பிங்கன் நகரில் 1859இல் தோன்றிய மெர்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில் ஒழுங்கான அளவுகளோடு கூடிய விளையாட்டுப் புகையிரதத்தை வைத்தது. அளவு ஒன்றானபோது, ஒருவர் வாங்கிய வண்டி மற்றவர் வீட்டுப் பாதையிலும் ஓடக்கூடியதாயிற்று. போரில் இடிந்துபோன நூர்ன்பேர்க்கிலிருந்து 1948இல் 'மீபா' என்னும் மாதிரிப் புகையிரத இதழ் வெளிவரத் தொடங்கியது. தம் நகரங்களே கற்குவியலாகக் கிடந்த காலத்தில், மனிதர் சிறு நகரங்களைக் கட்டி, அவற்றைப் படமெடுத்து, முன்பின் அறியாதவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். 1981இல் தொடங்கப்பட்ட 'ஃப்ரேமோ' என்னும் ஆர்வலர் அமைப்பில், ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு துண்டுப் பாதையைச் செய்கின்றார்கள். துண்டின் இரு முனைகளும் பொது அளவில் இருக்கும். ஒரு மண்டபத்தில் கூடி அவற்றைப் பொருத்தி, நேர அட்டவணைப்படி வண்டி ஓட்டுவார்கள். என் துண்டில் உள்ள பிழை உங்கள் வண்டியைத் தடம்புரட்டும். ஆகவே அங்கே பிழை சொல்வது குற்றம் பிடிப்பதன்று, பயணத்துக்கான ஆயத்தம்.

படமெடுப்பதிலும் அவர்களுக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. ஒளிப்படக் கருவியை மேலே பிடிக்காமல், அந்த இரண்டு சென்ரிமீற்றர் மனிதனின் கண் மட்டத்துக்குத் தாழ்த்துகின்றார்கள். அப்போது வெறுங்கண்ணுக்குப் புலப்படாத பசைத் துளியும், கோணிய சன்னலும் படத்தில் பெரிதாகத் தெரியும். படம் அவர்களுக்கு முதலில் ஒரு கண்ணாடி, பிறகுதான் காட்சி.

நம்முடைய படங்களை எண்ணிப் பாருங்கள். உங்களில் பலர் பிள்ளைகளோடு ஹம்பேர்க்கின் பழைய களஞ்சிய வளாகத்தில் உள்ள மினியாத்தூர் வுண்டர்லாண்டுக்குச் சென்றிருப்பீர்கள். பிரவுன் என்னும் இரட்டைச் சகோதரர் 2001இல் திறந்த அந்த இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வண்டிகள் ஓடுகின்றன. ஆனால் நம் கைபேசியில் இருக்கும் படத்தில் பிள்ளை நிற்பார். பின்னால் வண்டி மங்கலாகத் தெரியும். அது தவறில்லை. ஆனால் நாம் அனுப்பும் படங்கள் யாவும் முடிந்தவற்றின் படங்களாகவே இருக்கின்றன: முடிந்த வீடு, முடிந்த அலங்காரம், வெட்டத் தயாரான கேக். முடிந்ததை மட்டும் காட்டுகின்றவரிடம் எவரும் எதையும் கேட்க முடியாது, வாழ்த்தத்தான் முடியும். அதனால் நம் குழுக்களில் வாழ்த்துகள் குவிகின்றன, உரையாடல் நிகழ்வதில்லை. வேலையில் திணறுகின்றவர், படிப்பில் பின்தங்கிய பிள்ளை, கெல்லரில் தனியே ஊரைக் கட்டுகின்றவர் ஆகியோர், காட்டுவதற்குத் தம்மிடம் எதுவுமில்லை என்று எண்ணி மௌனமாகின்றார்கள்.

"நம்மவர்களிடம் குறையைக் காட்டினால் சிரிப்பார்களே" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், அவரைப் பார்த்துச் சிரித்தும் விட்டார்கள். எல்லாருக்கும் எல்லாவற்றையும் காட்ட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அவரும் அதே வேலை தெரிந்தவர்களிடமே சென்றார். ஆனால் சிரிப்புக்கு அஞ்சி ஒருவர் தம் ஊரைக் கெல்லரில் பூட்டிவைக்க நேர்ந்தால், அந்தக் குறை அவருடையதன்று. பார்க்கத் தெரியாத நம்முடையது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒருவர் தம் கையால் செய்த ஒன்றின் படத்தை அனுப்பினால், விரலை உயர்த்துமுன் ஒரு கேள்வி கேளுங்கள். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்பதே போதும். விலையைக் கேட்காதீர்கள்.

இரண்டாவது, உங்கள் பழைய அல்பங்களைத் திறந்து பாருங்கள். வடக்குப் பாதையின் பழைய நிலையங்கள் பல போரில் சிதைந்தன. அவற்றின் இடத்தில் புதிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. பழையவற்றின் தோற்றம் இனி நினைவிலும் படத்திலும்தான் உள்ளது. வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று உங்களிடம் இருக்கலாம். உங்களுக்கு அதில் இருக்கும் முகங்கள் முக்கியம். அந்த மனிதருக்கோ, முகங்களுக்குப் பின்னால் தெரியும் தூணின் வடிவமும் பெயர்ப்பலகையின் எழுத்தும் முக்கியம். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா 1950களில் வழங்கிய, 'ஒன்ராறியோ', 'அல்பேர்ட்டா' என்றெல்லாம் பெயர் தாங்கிய டீசல் இயந்திரங்களில் ஒன்று பின்னால் நின்றால், அதன் நிறமும் அவருக்கு வேண்டும். படத்தில் இருப்போரின் இசைவைப் பெற்று, எடுத்த ஆண்டையும் இடத்தையும் பின்புறத்தில் எழுதி, பிரதி எடுத்துக் கொடுங்கள். அல்பத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த தலைமுறை நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஏதோவொன்றின் முடியாத படத்தை, அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவருக்கேனும் அனுப்புங்கள். இந்த ஆண்டு குடிலை முடித்தபின் படமெடுப்பதற்குப் பதிலாக, காகித மலை இன்னும் ஈரமாயிருக்கும்போதே எடுங்கள். மலை ஏன் சரிகின்றதென்று எவராவது சொல்லித் தருவார்.

கொடிகாமத்துக்காரர் கடைப் பாதையைப் பெயர்த்துவிட்டார். இப்போது சிலிப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டி, உரிய அகலத்தில் தண்டவாளத்தைத் தாமே பொருத்துகின்றார். அந்த அகலத்துக்கு வண்டிச் சக்கரங்களையும் மாற்ற வேண்டும். ஆகையால் அவருடைய நிலையத்துக்கு இன்னும் ஒரு வண்டியும் வரவில்லை. சென்ற வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அதில் முடிந்திருந்தது பதினோரு சென்ரிமீற்றர்ப் பாதை மட்டுமே. கீழே, "இடப்பக்கம் கொஞ்சம் கோணலோ ஃபாதர்?" என்று கேட்டிருந்தார்.

நான் கைபேசியை அருகே கொண்டுவந்து நெடுநேரம் பார்த்தேன். ஆம், சற்றுக் கோணல்தான். அதையே அவருக்கு எழுதினேன்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆன்மீகப் பணியாளர்