நாகசுரமும் வோல்ட்மீட்டரும்



அவலூர்பேட்டையில் ஒரு கோயில் திருவிழா. நாகசுர வித்துவான் தோடி ராகத்தை விரிவாக ஆலாபனை செய்துகொண்டிருந்தார். என்னருகில் நின்ற பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், சுருதி காட்டும் செயலியைக் கைபேசியில் திறந்து வைத்திருந்தான். "சார், முள் எந்தச் சுரத்திலும் நிற்கவில்லையே! இவர் தப்பாக வாசிக்கிறாரா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு விடை காண, முள் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சுருதியை அளக்கும் வேலையைக் கைபேசிக்கு முன்பே மின்சுற்றுகள் செய்தன. சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் சுருதியை நிர்ணயிப்பது மின்னழுத்தம். அமெரிக்கரான ராபர்ட் மூக் 1960-களில் உருவாக்கிய கருவியில், ஒரு வோல்ட் கூட்டினால் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது ஒரு ஸ்தாயி ஏறும். 220 ஹெர்ட்ஸிலிருந்து 440-க்கு ஏற ஒரு வோல்ட். 440-லிருந்து 880-க்கு ஏறவும் அதே ஒரு வோல்ட்தான். நீங்கள் கணக்கில் படிக்கும் மடக்கை இதுவே!

இக்கருவி நம் நாட்டுக்கும் புதிதன்று. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசர் ஒன்றை டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் நிறுவினார்.

விசைப்பலகைக்குப் பதிலாக, குரலோ குழலோ இக்கருவியை இயக்கவேண்டுமானால் என்ன செய்வது? சுருதியை மின்னழுத்தமாக மாற்றும் சுற்று வேண்டும். 1978-ல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் வெளியிட்ட எம்.எஸ்.-20 கருவிக்குள்ளேயே இது இருந்தது. இத்தகைய சுற்றின் எளிய வழி இதுதான்: ஒலியலை சுழிக்கோட்டை மேல்நோக்கிக் கடக்கும் இரு கணங்களுக்கு இடையேயான நேரத்தை அள, அதிலிருந்து அதிர்வெண்ணைக் காண், அதன் மடக்கைக்கேற்ற மின்னழுத்தத்தைக் கொடு.

சொல்வது எளிது, செய்வது கடினம். 110 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 9 மில்லிவினாடி ஆகும். அதுவரையாவது சுற்று காத்திருக்க வேண்டும். மேற்சுரம் வலுவாக இருந்தால், ஓர் அலைவுக்குள்ளேயே அலை சுழிக்கோட்டைப் பலமுறை கடக்கும். சுற்று ஏமாந்து ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். ஆகவே வடிகட்டிகளைச் சேர்க்கிறார்கள்.

இதுவரை எல்லாம் அளவீடு. இதற்குப் பிறகு ஒரு சுற்றைச் சேர்ப்பதுண்டு. ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டு சமபடிகளாக்கினால் ஒரு படி சுமார் 83 மில்லிவோல்ட். இடையில் விழும் மின்னழுத்தத்தை அச்சுற்று அருகிலுள்ள படிக்கு இழுத்துவிடும். 1997-ல் வந்த 'ஆட்டோ-டியூன்' மென்பொருளும் பாடகரின் குரலை இவ்வாறே படிகளுக்கு இழுக்க வல்லது.

இங்கேதான் நான் மறுக்கிறேன். அளப்பது வேறு, திருத்துவது வேறு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அசைவதே அதன் உயிர். அதைப் படியில் நிறுத்தினால் கமகம் போய்விடும்; ராகமும் போய்விடும். மின்னழுத்தமோ படிகள் இல்லாமல் தொடர்ந்து மாறக்கூடியது. கமகத்தை ஏந்திச் செல்ல அதற்குத் தடையில்லை. தடையைப் போடுவது நாம்தான்.

"கற்பவருக்குப் படிகள் உதவாதா?" என்று கேட்பீர்கள். தம்புராவைச் சுருதி சேர்க்க, ஆதார சட்ஜத்தைச் சரிபார்க்க, நிச்சயம் உதவும். ஆனால் பன்னிரண்டு கட்டங்களில் அடங்காத இசையெல்லாம் பிழை என்று முடிவுகட்டுவது அறிவியல் அல்ல. அளவுகோலுக்குப் பொருந்தவில்லை என்பதற்காகப் பொருளை வெட்டுவோமா?

அந்த மாணவனிடம் இப்படிச் சொன்னேன்: "முள் பொய் சொல்லவில்லை, தம்பி. சுரம் அசைகிறது என்ற உண்மையைத்தான் சொன்னது. 'தப்பு' என்பது நீ சேர்த்த சொல். முள்ளின் அசைவை நேரத்துக்கு எதிராக வரைபடமாக வரைந்து பார்."

நீங்களும் வரைந்து பாருங்கள். கமகத்தின் வடிவம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.