டவர் இங்கே, சாவி எங்கே?

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடத்துக்கு ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே செல்போன் டவர்களை எண்ணிப் பார்க்கலாம். டவரில் எந்தக் கம்பெனி கருவி மாட்டியிருந்தாலும் கையில் இருக்கும் போன் அதோடு பேசும். நோக்கியாவிலிருந்து சிம்மைக் கழற்றி சாம்சங்கில் போட்டாலும் பேசும். போனும் டவரும் பேசிக்கொள்ளும் மொழி பொதுவில் எழுதி வைத்த தரம். ரகசியம் எதுவும் இல்லை!

ஆனால் டவருக்குப் பின்னால் போனால் கதை வேறு. ஜிஎஸ்எம்-இல் டவரடிக் கருவியை பிடிஎஸ் என்பார்கள். அதை மேய்ப்பது பிஎஸ்சி. இரண்டுக்கும் நடுவே ஏபிஸ் என்ற இணைப்பு. இதற்கும் தரம் உண்டு. ஆனால் கருவியை அமைப்பது, இயக்குவது, பராமரிப்பது எல்லாம் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விடப்பட்டது. ஒரு கம்பெனியின் பிடிஎஸ் வாங்கினால் பிஎஸ்சியும் அங்கேயேதான் வாங்கியாக வேண்டும். மாட்டை வாங்கியவன் மூக்கணாங்கயிற்றுக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிற மாதிரி!

இது இயற்கையின் விதி அல்ல. 2008-இல் ஜெர்மனியின் ஹரால்ட் வெல்டேயும் நண்பர்களும் பழைய சீமென்ஸ் பிஎஸ்-11 கருவியை வைத்து ஓபன்பிஎஸ்சி என்ற திறமூல மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். பிறகு ஐபி.ஆக்சஸ் நிறுவனத்தின் நானோபிடிஎஸ், எரிக்சன், நோக்கியா கருவிகள் சிலவும் அதோடு பேசின. கம்பெனிகள் கதவைத் திறந்துவிடவில்லை. கம்பியில் ஓடும் செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கண்டுபிடித்தார்கள். கருவியால் முடியாதது எதுவும் இல்லை, விற்பவருக்கு மனமில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"இப்போது எல்லாம் சுதேசி ஆகிவிட்டதே" என்பார்கள். ஆகட்டும், மகிழ்ச்சி. 2025 செப்டம்பர் 27 அன்று பிஎஸ்என்எல்-இன் உள்நாட்டு 4ஜி நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. ரேடியோ தேஜஸ், கோர் சி-டாட், ஒருங்கிணைப்பு டிசிஎஸ். பெரிய சாதனைதான். ஆனால் சுதேசி வேறு, திறந்தது வேறு. வெளிநாட்டுப் பூட்டை எடுத்துவிட்டு உள்நாட்டுப் பூட்டு போட்டால் அதுவும் பூட்டுதான். 1984-இல் தொடங்கிய அதே சி-டாட், தன் கிராமத் தொலைபேசி நிலைய வடிவமைப்பைப் பல உற்பத்தியாளர்களுக்குக் கொடுத்தது. அப்படித்தான் அது ஊர் ஊராகப் பரவியது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

"திறந்தால் பாதுகாப்பு போய்விடும்" என்பது அடுத்த பூச்சாண்டி. ஜிஎஸ்எம்-இன் ஏ5/1 குறியாக்கத்தை ரகசியமாகத்தான் வைத்திருந்தார்கள். 1999-க்குள் அதன் முழு அமைப்பும் வெளியே வந்துவிட்டது. 2009-இல் அதை உடைப்பதற்கான அட்டவணைகளே பொதுவில் கிடைத்தன. மூடி வைத்ததால் ஓட்டை அடைபடவில்லை. ஓட்டை இருப்பது சந்தாதாரருக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

இதில் நஷ்டம் யாருக்கு? கடலூர் மாவட்டத்தில் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கிற பையனும் பெண்ணும் பிடிஎஸ்ஸைக் கட்டம் போட்ட படமாகப் படித்து, பரிட்சையில் வரைந்து, மறந்துவிடுகிறார்கள். கழற்றப்படும் பழைய கருவி அவர்கள் கைக்கு வருவதில்லை. வந்தாலும் அதைப் பேசவைக்க ஆவணம் இல்லை. உரிமம் இல்லாமல் அலைவரிசையில் ஒலிபரப்பக் கூடாது, சரி. சட்டம் சட்டம்தான். ஆனால் சோதனை உரிமம் என்று ஒன்று இருக்கிறது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளிலேயே இணைத்துப் படிக்கவும் வழி இருக்கிறது. தடையாக நிற்பது பூட்டிய மென்பொருள்.

கோரிக்கை பெரியதல்ல. பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு டவர்க் கருவிக்கும் டெண்டரிலேயே ஒரு வரி சேருங்கள்: இணைப்பு ஆவணங்கள் முழுவதும் வெளியிடப்பட வேண்டும், வேறொருவர் எழுதிய மென்பொருளோடும் கருவி வேலை செய்து காட்டப்பட வேண்டும். இதற்குச் சம்மதிக்காத கம்பெனி விற்பது கருவியை அல்ல, கயிற்றை!