சந்தேகம் பாவமா?

பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற கேள்வி ஒன்று உண்டு. குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். டாக்டர் வருகிறார், மருந்து கொடுக்கிறார். தாயார் இரவெல்லாம் முழங்காலில் நின்று ஜெபம் செய்கிறாள். இருந்தும் குழந்தை பிழைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி, நல்லெண்ணத்தோடுதான், "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருக்கலாம்" என்று சொல்லி விட்டுப் போகிறாள். அவள் போய்விடுகிறாள், அந்தச் சொல் போவதில்லை. "என் விசுவாசம் குறைவானதால்தான் கடவுள் கேட்கவில்லையா? அவர் கேட்கிறாரா என்றே சந்தேகம் வருகிறதே, அது பாவமா?" என்று அந்தத் தாயின் மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பெரிய வேதாந்த நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பைபிளே போதும்.

முதலில், கேட்டது கிடைக்காவிட்டால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமா? சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே ஒரு வரம் கேட்டார். தமக்கு வரப்போகும் துன்பப் பாத்திரம் தம்மை விட்டு நீங்க முடியுமானால் நீங்கட்டும் என்று மன்றாடினார். அது நீங்கவில்லை. தகப்பனின் சித்தமே ஆகட்டும் என்று அவர் தம்மை ஒப்புவித்தார். அவருக்குப் பின் பவுல், தம் உடம்பில் முள்போல் தைத்த ஒரு வேதனையை அகற்றும்படி மூன்று தடவை வேண்டினார். வேதனை போகவில்லை, அதைத் தாங்கக் கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. இயேசுவுக்கும் பவுலுக்கும் விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிகிறவர் யார்? அவர்களுக்குச் சொல்லத் துணியாததை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் சொல்வது என்ன நியாயம்?

விசுவாசத்தை இயேசு பல இடங்களில் மெச்சிப் பேசியது உண்மைதான். ஆனால் அவர் அதைத் தராசில் நிறுத்து வரம் கொடுத்தவர் அல்ல. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் ஒரு தகப்பன் வருகிறான். அவன் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்துவிடுவான். அந்தத் தகப்பன், தனக்கு விசுவாசம் இருக்கிறது என்றும், இல்லாத பங்குக்கு நீரே உதவ வேண்டும் என்றும் ஒரே மூச்சில் அழுதான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். "போய் முழுசாகக் கொண்டு வா" என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் குணமாக்கிக் கையில் கொடுத்தார்.

சந்தேகம் என்றாலே நினைவுக்கு வருகிறவர் தோமா. சென்னைவாசிகளுக்கு அவர் அந்நியர் அல்ல. சாந்தோம் அவர் பெயரைத் தாங்கிய இடம். பரங்கிமலையை இன்றும் புனித தோமையார் மலை என்கிறோம். அவர் இந்தியாவுக்கு வந்து இங்கேதான் உயிர் துறந்தார் என்பது வழிவழியாக வந்த மரபு. உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, காயங்களைக் கண்ணால் கண்டு கையால் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பேச்சுக்குப் பிறகு எட்டு நாள் கழிகிறது. அந்த எட்டாம் நாள் தோமா எங்கே இருந்தார்? மற்றச் சீடர்களோடு அதே வீட்டில்தான் இருந்தார். "நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று அவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. இயேசு வந்தார், காயத்தைத் தொட்டுப் பார் என்றார். காணாமலே விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று பிறகு மெல்லச் சுட்டிக் காட்டினார். ஆனால் அதற்கு முன்பே கையை நீட்டிவிட்டார். இயேசுவைத் தம் ஆண்டவர், தம் கடவுள் என்று அந்தச் சுவிசேஷத்தில் பளிச்சென்று அறிக்கையிட்டவர் வேறு யாருமல்ல, அந்தச் சந்தேகக்காரத் தோமாதான்!

இங்கே நம் பேச்சு வழக்கே நமக்கு ஒரு பாடம் சொல்லித் தருகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் "விசுவாசம்" என்கிறார்கள். வீட்டில் அந்தச் சொல்லை வேறு எதற்குச் சொல்கிறோம்? எஜமான் உதைத்தாலும் வாசலை விட்டுப் போகாத நாயைப் பார்த்து, "என்ன விசுவாசம்!" என்கிறோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இதற்கு வழங்கும் "பிஸ்டிஸ்" என்ற சொல்லுக்கு நம்புவது என்றும், உண்மையாய் நிலைத்திருப்பது என்றும் இரண்டு அர்த்தம் உண்டு. ஆகவே விசுவாசம் என்பது தலைக்குள் ஒரு கேள்வியும் எழாமல் இருப்பது மட்டும் அல்ல. கேள்வி எழுந்தபோதும் கையை விடாமல் இருப்பதும் விசுவாசம்தான்.

இதற்கு இரண்டு பெண்கள் சாட்சி. ஒருவர் பிரான்ஸ் தேசத்து லிசியே நகரத்துக் கன்னியர் மடத்தில் வாழ்ந்த தெரேஸ். நம்மவர்கள் "குழந்தை தெரசம்மாள்" என்று அருமையாக அழைக்கிறவர். 15 வயதில் மடத்தில் சேர்ந்தவர். 1896-இல் ஈஸ்டர் சமயத்தில் க்ஷயரோகத்தின் முதல் அடையாளம் தெரிந்தது. அதோடு மனத்திலும் இருள் சூழ்ந்தது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகமே அவரை வாட்டியது. 1897 செப்டம்பரில், 24-ஆம் வயதில் கண்மூடும் வரை அந்த இருள் விலகவில்லை. அந்தப் பெண்ணைத்தான் கத்தோலிக்கத் திருச்சபை 1925-இல் புனிதர் என்று கொண்டாடியது.

மற்றவர், அந்தத் தெரேஸின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட கல்கத்தா அன்னை தெரசா. 1950-இல் தம் சபையைத் தொடங்கி, தெருவோரத்தில் கிடந்தவர்களை வாரியெடுத்தவர். 1979-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். 1997-இல் அவர் காலமான பத்து வருஷத்துக்குப் பின், 2007-இல், தம் ஆன்ம குருக்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் வெளியாயின. உலகமே திடுக்கிட்டது. ஏறக்குறைய ஐம்பது வருஷம், நடுவில் சொற்ப காலம் தவிர, ஜெபத்தில் கடவுளின் அருகாமையையே அவர் உணரவில்லையாம்! எங்கும் வெறுமையும் மௌனமும்தான். கடிதங்களை அழித்துவிட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். குருமார் அழிக்காமல் வைத்திருந்தார்கள். 1961-இல் ஜோசப் நாய்னர் என்ற ஏசு சபைத் துறவி, கடவுளுக்காக உள்ளம் இப்படி ஏங்குவதே அவர் உள்ளே இருப்பதற்கு அடையாளம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னார். அது முதல் அன்னை அந்த இருளோடு வாழக் கற்றுக்கொண்டார்.

இது வெறும் மனச்சமாதானம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. உள்ளே ஒரு விளக்கும் எரியாத காலத்தில்தான் அந்த அம்மாள் நாள்தோறும் விடியுமுன் எழுந்து ஜெபம் செய்தார். பிறகு புண்களைக் கழுவப் போனார். அந்தக் கடிதங்களைப் புத்தகமாக்கியவர், அவருடைய புனிதர் பட்ட விசாரணையைக் கவனித்த பாதிரியாரேதான்! 2016-இல் அந்தப் பட்டமும் கிடைத்தது.

ஆகையால் சகோதரிகளே, சந்தேகம் வந்துவிட்டதே என்று யாரும் தங்களையே நொந்துகொள்ள வேண்டாம். அதை மறைத்து வைத்து ஜெபம் செய்வதைவிட, அதையே ஜெபமாகச் சொல்லிவிடலாம். சங்கீதப் புத்தகத்தில் பாதித் துயரம் அப்படிக் கடவுளிடமே முறையிட்டதுதான்.

பிறர் துக்கத்தில் பங்குகொள்ளப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபு என்ற பக்தன் பத்துப் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்தான். மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு பேச்சும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் சரி. பிறகுதான் வாயைத் திறந்து, "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்" என்று வாதாடினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது, "ஏன்? ஏன்?" என்று கதறிய யோபுவை முன்னிட்டல்ல, தமக்காகப் பரிந்து பேசிய அந்தச் சிநேகிதர்கள்மேல்தான். அவர்களுக்காக யோபுதான் ஜெபம் செய்ய வேண்டியிருந்தது!