விரத நாளும் மாத்திரை அட்டையும்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓ.பி. பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி தப்பாமல் வரும். "தீபத்தன்னிக்கு விரதம் டாக்டர், மலையும் சுத்தணும். மாத்திரை போடலாமா, வேணாமா?" கேள்வி பழையது. நம் ஒவ்வொருவரிடமும் அதற்கு ஒரு பதில் உண்டு. ஆனால் கேட்கிறவர் மாறியிருக்கிறார். சில மாதங்களாக அவர் சோறு தொடுவதில்லை. காலையில் கடுங்காப்பி மட்டும். மதியம் முட்டையும் கோழியும், இரவு எட்டு மணிக்குள் கறியோ மீனோ. மீதி 16 மணி நேரம் பட்டினி. வாரத்தில் நான்கு நாள் ஜிம். எடை இறங்கியிருக்கிறது, ஹெச்பிஏ1சி இறங்கியிருக்கிறது. இவ்வளவையும் நம்மிடம் சொல்லாமல், மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்கிறார். சொன்னால் திட்டு விழும் என்று அவருக்குத் தெரியும்.

பேலியோ என்ற பெயரில் மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை தமிழ்நாட்டில் வேரூன்றிப் பத்தாண்டுகள் ஆகின்றன. நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' நூலைப் படித்துத் தொடங்கியவர்கள் ஏராளம். காலையில் 100 பாதாம், மாலையில் பட்டர் டீ என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் காய்கறி இருந்தது, கீரை இருந்தது, தேங்காய் இருந்தது. இப்போது வருகிறவர்களில் சிலர் அதையும் தாண்டிவிட்டார்கள். கறி, முட்டை, மீன், நெய், உப்பு. அதற்கு மேல் எதுவும் இல்லை. கார்னிவோர் என்ற பெயரும் கூடவே வந்திருக்கிறது. இதைச் சரியென்றோ தவறென்றோ தீர்ப்புச் சொல்வதற்கு முன், நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலைநாட்டுக் கட்டுரைகள் எதிலும் இல்லாத ஓர் ஆபத்து இங்கே இருக்கிறது.

அசைவம் இங்கே நாள்காட்டியோடு கட்டப்பட்டது. அமாவாசை, கிருத்திகை, வெள்ளி, செவ்வாய், புரட்டாசி முழுவதும், சபரிமலைக்கு மாலை போட்டால் மண்டலம் முழுவதும் அடுப்பில் கறி ஏறாது. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர் வீட்டில் முந்தின நாளே நிறுத்திவிடுவார்கள். ஆக, கறி மட்டும் உண்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் உண்மையில் மூன்று விதமான நாட்களுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்கிறார்: கறி நாள், விரத நாள், சோற்று நாள். இந்த மூன்று நாட்களிலும் அவர் உடல் ஒன்றுபோல் இருப்பதில்லை. மாத்திரை அட்டை மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. இந்த இதழ் வாசகர்களிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான்: அந்த மனிதரின் உணவைத் திருத்துவதற்கு முன் அந்த அட்டையைத் திருத்துங்கள்.

கறி நாளை எடுத்துக்கொள்வோம். மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாததால் இன்சுலின் தாழ்ந்தே இருக்கும். சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும், கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று மகிழ்கிறாரே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். ரத்த அழுத்தமும் இறங்கும். டெல்மிசார்டானுடன் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ போடுகிறவருக்கு, சோறு சாப்பிட்ட காலத்துக்காக எழுதிய அளவு இப்போது அதிகம். பிரிட்டனில் 2019-இல் பொது மருத்துவர்களுக்காக வெளியான நடைமுறைக் குறிப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது: மாவுச்சத்தைக் குறைக்கத் தொடங்கும்போதே சல்ஃபோனைல்யூரியாவைப் பாதியாக்குங்கள் அல்லது நிறுத்துங்கள், இன்சுலினை 30 முதல் 50 சதவீதம் வரை குறையுங்கள், மெட்ஃபார்மின் தொடரலாம்.

அடுத்தது விரத நாள். தீபம் பார்க்கும்வரை வாயில் எதுவும் படாமல் இருப்பவர்கள் உண்டு, தண்ணீர்கூட இல்லாமல். 2,668 அடி உயர மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், நடுத்தர வயதுக்காரருக்கு நான்கைந்து மணி நேர நடை. நடக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு நடை முடிந்தவுடன் நிற்பதில்லை. இரவு முழுவதும், சிலருக்கு மறுநாள்வரை நீடிக்கும். மலை சுற்றும்போது நன்றாக இருந்தவர், வீட்டுக்குப் போய்ப் படுத்தபின் விடியற்காலையில் வியர்த்துக் கிடப்பது இதனால்தான். வயதானவர், சிறுநீரகம் தளர்ந்தவர், கிளிபென்கிளமைடு போடுகிறவர் ஆகிய மூன்றும் ஒருவரே என்றால் அவரைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டும்.

இதைவிடவும் என்னை அச்சப்படுத்துவது எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான்கள். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இல் முடிந்தபின் விலை இறங்கி, சிறிய ஊர் மருந்துக்கடையிலும் அது கிடைக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, மறுப்பதற்கில்லை. ஆனால் மாவுச்சத்து இல்லாத உணவு, நீண்ட பட்டினி, தண்ணீர்க் குறைவு, கடும் உடலுழைப்பு ஆகியவை ஒரே நாளில் இந்த மருந்தோடு சேர்ந்தால் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். அப்போது குளுக்கோமீட்டர் 180 என்று காட்டும், நாமும் சர்க்கரை பரவாயில்லை என்று அனுப்பிவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு என்று வருபவரிடம் "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, என்ன மாத்திரை?" என்று கேட்காமல் பான்டோபிரசோல் ஊசி போட்டு அனுப்பும் இடத்தில் உயிர் போகலாம். ரத்தக் கீட்டோன் 3 மில்லிமோலைத் தாண்டினால் அது உணவுமுறையால் வந்த கீட்டோசிஸ் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. சிறுநீர்க் கீட்டோன் பட்டையை முழுதாக நம்பவும் வேண்டாம்; பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்ரேட்டை அது காட்டுவதே இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்துகிறோம். நாள் முழுதும் பட்டினி கிடந்து 14 கிலோமீட்டர் நடப்பவருக்கும் அதே கவனம் வேண்டும் என்பது என் கருத்து. கறி மட்டுமே உண்பேன் என்று முடிவுசெய்தவருக்கோ இந்த மருந்தே வேண்டாம்.

பிறகு சோற்று நாள். தீபம் பார்த்துவிட்டுப் பொரி உருண்டையும் அடையும் அப்பமும் வைத்து விரதம் முடிப்பார்கள். கிரிவலப் பாதையில் தொன்னையில் சாம்பார் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் தருகிறார்கள். அதை மறுக்க நம் மக்களுக்கு மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். வாரக்கணக்கில் மாவுச்சத்து காணாத உடல், முதல் நாள் அதைச் சரியாகக் கையாளாது. குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் தினம் 150 கிராமாவது மாவுச்சத்து உண்ண வேண்டும் என்று நாம் படித்ததன் காரணம் இதுவே. அன்று இரவு மீட்டரில் 280 என்று பார்த்துப் பயந்து, நிறுத்தி வைத்திருந்த கிளிமிபிரைடை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். மறுநாள் மீண்டும் கறி நாள், மீண்டும் 16 மணி நேரப் பட்டினி. தாழ்சர்க்கரைக்கு இதைவிட நேரான வழி கிடையாது. "விரதம் முடிச்ச அன்னிக்கு மீட்டர் ஏறும், ரெண்டு நாள்ல இறங்கும், நீங்களா மாத்திரையைக் கூட்டாதீங்க" என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லி வைத்தால் போதும்.

கறி மட்டுமே உண்டு மனிதன் வாழ முடியுமா என்ற கேள்விக்கு 1928-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் ஒரு சோதனை நடந்தது. வட துருவப் பயணி ஸ்டெஃபான்சனும் அவருடைய தோழர் ஆண்டர்சனும் மருத்துவர் கண்காணிப்பில் ஓராண்டு கறி மட்டும் உண்டார்கள். ஸ்கர்வி வரவில்லை, பெரிய நோய் எதுவும் வரவில்லை. கார்னிவோர் ஆதரவாளர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தச் சோதனையின் இன்னொரு பக்கத்தை யாரும் சொல்வதில்லை. தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பில்லாத கறி மட்டும் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டது. கொழுப்பைச் சேர்த்ததும் சரியானது. அவர்கள் உண்ட ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்து வந்தது. ஈரல், மூளை, சிறுநீரகம், மஜ்ஜை எல்லாம் அதில் இருந்தன. நம் ஆள் சாப்பிடுவது தோல் உரித்த பிராய்லர் கோழி. ஆட்டுக்கறி விலைக்குத் தினமும் அதை வாங்க முடியாது. எண்ணெயும் கெடுதல் என்று ஒதுக்கிவிடுகிறார். சோறும் இல்லை, கொழுப்பும் இல்லை என்றால் சோர்வும் எரிச்சலும் வராமல் என்ன செய்யும்? ஈரல், சுவரொட்டி, தலைக்கறி, குடல், ரத்தப் பொரியல் என்று ஆட்டின் எந்த உறுப்பையும் வீணாக்காத சமையல் நம்முடையது. கறி அதிகம் உண்பதென்று முடிவெடுத்தவரை அந்தப் பக்கம் திருப்புவது நல்லது, யூரிக் அமிலம் மட்டும் ஏறாமல் இருந்தால். கீட்டோசிஸின் முதல் வாரங்களில் யூரிக் அமிலம் தானாகவே ஏறும். கவுட் வந்த வரலாறு உள்ளவரிடம் ஈரலைப் பற்றிப் பேசாதீர்கள்.

பட்டினி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குவாங்ஜோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், உணவின் அளவைக் குறைத்தவர்களோடு ஒப்பிட, அதே குறைப்பை எட்டு மணி நேரச் சாளரத்துக்குள் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் உறுதிப்படவில்லை. பட்டினியால் பலன் என்றால் அது குறைவாகச் சாப்பிடுவதால்தான். அதை எளிதாகக் கடைப்பிடிக்க முடிகிறவர் கடைப்பிடிக்கட்டும்.

தசைதான் எனக்குப் பெரிய கவலை. 116 பேரை வைத்து அமெரிக்காவில் 2020-இல் வெளியான 16:8 ஆய்வில் எடை பெரிதாகக் குறையவில்லை. குறைந்ததிலும் தசை கணிசமாகப் போயிருந்தது. ஆனால் எடை தூக்கிப் பழகிய 34 இளைஞர்களிடம் இத்தாலியில் நடந்த ஆய்வில் அதே 16:8-இல் கொழுப்பு குறைந்து தசை நிலைத்தது. வித்தியாசம் இரும்பிலும் புரதத்திலும் இருக்கிறது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக் காட்டியதுபோல, நாம் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு கூடியும் தசை குறைந்தும் பிறக்கிறவர்கள். நமக்கு இழப்பதற்குத் தசை கிடையாது. நடை மட்டும் போதும் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவதை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் இது. வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கச் சொல்லுங்கள். ஜிம் இல்லாத ஊரில் தண்டாலும் பஸ்கியும் இருக்கின்றன.

என் நிலைப்பாட்டையும் மறைக்காமல் சொல்கிறேன். கறி மட்டும் என்ற உணவை நான் யாருக்கும் எழுதித் தரமாட்டேன். கார்னிவோர் உணவில் இருக்கும் 2,029 பேர் தாங்களே சொன்னதைத் தொகுத்து ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். மிகுந்த திருப்தி தெரிவித்தவர்கள் அவர்கள். ரத்தப் பரிசோதனை முடிவைத் தந்தவர்களின் எல்.டி.எல். நடுமதிப்பு 172. ட்ரைகிளிசரைடும் ஹெச்.டி.எல்.லும் நன்றாக இருந்தன என்பதும் உண்மை. ஆனாலும் இளம் வயதிலேயே மாரடைப்பு வரும் மக்கள் நாம். 172-ஐ ஆண்டுக்கணக்கில் சுமக்கச் சொல்ல என்னால் இயலாது. சர்க்கரை இறங்க அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வில் 18,090 பேரின் உணவை வைத்துக் கணித்தபோது, புதிதாகக் கண்டறியப்பட்ட சர்க்கரை நோய் தணிய மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதமும் புரதம் 19 முதல் 20 சதவீதமும் இருந்தால் போதும் என்று வந்தது. இது மாதிரிக் கணிப்புதான், சோதனை அல்ல. இருந்தும் திசை காட்டுகிறது. ஆரணி அரிசிச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மீனும் முட்டையும் கீரையும் வைக்கலாம். ஜவ்வாதுமலைச் சாமைக்கு மாறிவிட்டேன் என்று அதே அளவு குவித்துச் சாப்பிடுகிறவருக்கும் ஒரு வார்த்தை: சாமையிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான்.

அதற்காக, கறி மட்டும் உண்டு நலமாக இருக்கிறேன் என்று வருபவரை விரட்டக் கூடாது. அடிப்படை லிப்பிட், கிரியாட்டினின், யூரிக் அமிலம், சிறுநீர் ஆல்புமின் எடுத்து வைத்து மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். கிரியாட்டினினுக்கு முந்தின இரவு கறி வேண்டாம் என்று சொல்லுங்கள்; சமைத்த கறி உண்ட பின் அது பொய்யாக ஏறும். ஆல்புமின் போகிறது என்றால் அங்கே நிறுத்துங்கள். டைப் 1 நோயாளி, கர்ப்பிணி, பித்தப்பைக் கல் உள்ளவர் ஆகியோரிடம் தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலை சுற்றுகிறவர்கள் செருப்பணிவதில்லை. எடை குறைந்து சர்க்கரை இறங்கியவர் "எனக்குச் சரியாயிடுச்சு" என்ற நம்பிக்கையில் எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கிறார். சர்க்கரை இறங்கினாலும் செத்த நரம்பு திரும்புவதில்லை. 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. உணர்வு இல்லாதவரிடம் வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரவில், தடித்த காலுறையோடு, பாதி வழியில் ஒருமுறை பாதத்தை டார்ச் அடித்துப் பார்க்கத் துணைக்கு ஒருவரோடு போகட்டும். முடியாதவர் கோயிலுக்குள் பிராகாரம் சுற்றி வரலாம். அதைச் சொல்ல நமக்குத் தயக்கம் தேவையில்லை.

ரமலான் நோன்புக்கு சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு முழுமையான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, 2021-இல் புதுப்பித்தும் இருக்கிறது. நோயாளியின் ஆபத்தை மதிப்பிடுவது, நோன்புக்கு முன்பே மருந்தைச் சரிசெய்வது, 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ போனால் நோன்பை முடித்துவிடச் சொல்வது என்று எல்லாம் அதில் இருக்கின்றன. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வேலை செய்யும் நண்பர்களுக்கு அது பழக்கம். கார்த்திகைக்கும் ஏகாதசிக்கும் கிருத்திகைக்கும் அதே முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. எத்தனையோ பேருக்கு அது பெரும் உதவி. மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் அம்மாக்களிடம் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கச் சொன்னால் போதும்: "சோறு சாப்பிடுறீங்களா, நிறுத்திட்டீங்களா?" நிறுத்தியவரை அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கிரிவலப் பாதையில் முகாம் போடுகிற அமைப்புகள் குளுக்கோமீட்டரோடு ரத்தக் கீட்டோன் மீட்டர் ஒன்றும் வைத்திருக்கட்டும்.

இந்தத் தீபத்தின்போது உங்களிடம் வருபவர்களைப் பற்றி, பெயர் இல்லாமல், இதழுக்கு எழுதுங்கள். எத்தனை மணி நேரம் பட்டினி, முந்தைய வாரம் என்ன உணவு, என்ன மாத்திரை எந்த அளவில், எதை உண்டு விரதம் முடித்தார், மீட்டர் எப்போது எவ்வளவு காட்டியது என்ற ஐந்து விவரங்கள் இருந்தால் போதும். தை இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம்.